விசாரணை அறையில் வாய்க்கரிசி

போன மாதம் எனக்குப் பிரிவு உபசார விருந்து வைத்தார்கள். பிரியாணி சுமார்தான். சாப்பிட்டு முடித்து சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இப்போது பணியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தார்கள். விசாரணை அறைகளில் கேமரா வைத்துவிட்டார்களாம். கேள்வி, பதில், இடையில் நாம் விடும் பெருமூச்சு வரை பதிவாகிறதாம். பிறகு வேறொருவர் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையும் நாம் சொன்னதையும் ஒத்துப் பார்க்கிறாராம். "நம்ம மேல நம்பிக்கையே இல்லையா பாய்? இத்தனை வருசம் இப்படியா இருந்துச்சு?" என்று ஒருவர் பொருமினார். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் "கேமரா வந்தது நல்லதுதான்" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிறவர் எதையும் சொல்லலாம் என்று கிண்டல்; ஏன் நல்லது என்று எழுதித் தாருங்கள் என்று சவால் வேறு. சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், எனக்கு இனி டியூட்டி இல்லை.

நான் கீழக்கரைக்காரன். மதரஸாவில் ஏழு வருடம் ஓதியதில் அரபி இலக்கணம் மண்டையில் ஏறியது. அல் ஐனில் மாமாவின் துணிக்கடையில் முழம் போட்டு நின்றதில் பேச்சு அரபி நாக்கில் ஏறியது. அங்கிருந்து ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டர். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து, "இங்கே தமிழ் தெரிந்தவன் யார்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அப்புறம் பரீட்சை எழுதினேன், சத்தியப் பிரமாணம் எடுத்தேன், பெயர் பட்டியலில் ஏறியது. இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

திருட்டு, அடிதடி, போதைப்பொருள் என்று எல்லாமே வரும். ஆனால் என் பங்குக்கு அதிகம் வாய்த்தது சாவுதான். இந்த நாட்டில் ஆஸ்பத்திரிக்கு வெளியே யார் இறந்தாலும் போலீஸ் வரும். தொழிலாளர் கேம்ப் கட்டிலில் தூக்கத்தில் போனவருக்கும் கோப்பு உண்டு, சாரத்திலிருந்து விழுந்தவருக்கும் கோப்பு உண்டு. சந்தேகம் என்று ஒரு துளி இருந்தால் அந்தக் கோப்பு நியாபாவுக்குப் போகும். நியாபா என்றால் அரசு வழக்குத் தொடரும் அலுவலகம். விசாரிப்பவர் அங்கே உள்ள வழக்கறிஞர். அவர் கேட்பதைத் தமிழிலும், எதிரே இருப்பவர் சொல்வதை அரபியிலும் சொல்ல என்னைப் போல ஒருவர் வேண்டும்.

நான் அதிகம் வேலை பார்த்தது காலித் என்ற வழக்கறிஞரிடம். மரியாதைக்கு உஸ்தாத் காலித் என்போம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், ஆனால் அவர் முன்னால் நான் மாணவன்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. விசாரணை முடியும்வரை தேநீர் தொடமாட்டார். எதிரே இருப்பவருக்குக் கொடுக்காமல் நாம் குடிக்கலாமா என்பார், கொடுக்கவோ விதி இடம் தராது. அறைக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். குற்றம் சாட்டப்பட்டவர் அவர் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். நான் அந்த ஆளுக்குப் பக்கவாட்டில், அரை அடி பின்னால். "அவன் என்னிடம் பேசுகிறான். உன்னிடம் இல்லை" என்பார். ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்ததும் நான் அதைத் தமிழில் திரும்ப வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் கைநாட்டோ கையெழுத்தோ வைப்பார். கடைசியில் "உண்மையாக மொழிபெயர்த்தேன்" என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேச்சு முற்றிக் கூட வேலை பார்த்தவரைக் கம்பியால் அடித்துவிட்ட ஒருவர், "நான்தான் அடிச்சேன்" என்றார். நான் அரபியில், "அவர்தான் அடித்ததாகச் சொல்கிறார்" என்றேன். உஸ்தாத் பேனாவை வைத்துவிட்டார். "அவன் 'அவர்' என்று சொன்னானா?"

"இல்லை, 'நான்' என்றார்."

"அப்படியானால் நீயும் 'நான்' என்று சொல்."

அன்றிலிருந்து எத்தனையோ முறை 'நான் அடித்தேன்', 'நான் குத்தினேன்', 'நான் தள்ளிவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி ஹபீபா கதவைத் திறந்துகொண்டே, "இன்னைக்கி எத்தனை பேரக் கொன்னுட்டு வாறீக?" என்பாள். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. போகப் போக, வாயைக் கொப்புளித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன்.

இன்னொரு பாடம் இரண்டாவது மாதத்தில். கூடப் பிறந்த தம்பியைப் போலப் பழகியவன் தூக்கில் தொங்கியதைப் பார்த்த ஒரு ராமநாதபுரத்துக்காரர் சாட்சி சொல்ல வந்திருந்தார். கைகால் எல்லாம் உதறல். எனக்கு மனசு கேட்கவில்லை. "பயப்படாதீங்கண்ணே, சும்மா கேட்கத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். உஸ்தாத் என் பக்கம் திரும்பி, "இப்போது அவரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார். ஆறுதல் சொன்னேன் என்றேன். அதையும் அரபியில் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதினார்! "மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்கு ஆறுதல் கூறினார்" என்று அரசாங்கத் தாளில் எழுதிவிட்டார். எழுதி முடித்து, "இந்த அறையில் இரண்டு மொழியிலும் சொல்லப்படாத வார்த்தை இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்லத் தோன்றினால் எனக்குச் சொல், நான் சொல்கிறேன்" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை ஹபீபாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அரியலூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இருவர், ஒரே கம்பெனியில் கம்பி கட்டும் வேலை, கேம்ப்பில் ஒரே அறை. அண்ணன் பெயர் கலியமூர்த்தி. தம்பி செல்வம். இருவருக்கும் லீவ் விஷயத்தில் மனத்தாங்கல். அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள், அவர் போக வேண்டும். தம்பியோ அதற்கு முன்பே தன் பெயரைக் கொடுத்துவிட்டார். ஒருவர் போனால் இன்னொருவர் இருந்தாக வேண்டும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் அறையில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, அண்ணன் கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டார். நெற்றிப் பொட்டில் ரத்தம் கட்டியது. "உன்ன உசுரோட வுட மாட்டன்டா" என்று யாரோ கத்தியதைப் பக்கத்து அறை நேபாளிகள் கேட்டிருக்கிறார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரிந்திருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை கிடையாது. காலை எட்டரை மணிக்கு அண்ணன் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அறையில் அப்போது மூன்றே பேர்: அண்ணன், தம்பி, அறைத்தோழர் ஒருவர். அறைத்தோழர், கேம்ப்புக்குப் பொறுப்பாளரான கேம்ப் பாஸைக் கூப்பிடக் கீழே ஓடினார். கேம்ப் பாஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, கேட்டைத் திறந்து, அவர்கள் மேலே ஏறி வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே அரிசி. வேகாத அரிசி. உதட்டில், நாக்கில், தொண்டையில். விரலால் வழித்துப் போட்டுவிட்டு, முகத்தில் காற்றுப் பையை வைத்து அழுத்தி, நெஞ்சைக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நெற்றியில் காயம், வாயில் அரிசி, முதல் நாள் சண்டை, கால் மணி நேரம் கூட இருந்தது தம்பி மட்டும். போலீஸ் என்ன நினைக்கும்? வாயில் எதையோ திணித்து மூச்சை அடைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். ஸ்டேஷனில் ஹிந்தியில் விசாரித்திருக்கிறார்கள். அரிசி எப்படி வந்தது என்று கேட்டதற்கு, செல்வம், "கானா காத்தா தா", சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். வேகாத அரிசியை யாராவது சாப்பிடுவார்களா? அந்த ஒரு பொய்யால் ஆளை உள்ளே வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் உஸ்தாத் காலித் முன்னால் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி முளைத்து, கண் உள்ளே போய், கால் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அரை அடி பின்னால்.

உஸ்தாத் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்: "உங்கள் அண்ணன் கீழே விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார்?"

"சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு."

"அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்" என்று அரபியில் சொன்னேன்.

"வேகாத அரிசியையா?"

உஸ்தாத் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். மறுபடியும் அதே கேள்வி. செல்வம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. உனக்குத் தெரியும் பாய், நீ நம்ம ஊர்க்காரன், உனக்குத் தெரியும் என்று கெஞ்சுகிற பார்வை.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கோப்பில் 'அரிசி' என்ற வார்த்தையைப் படித்த நிமிடமே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவை ஒட்டினாற்போல இந்துக்கள் தெரு. எத்தனையோ சாவு வீட்டுக்கு வாப்பாவோடு போய் ஓரமாக நின்றிருக்கிறேன். இறந்தவர் வாயில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி போடுவதைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கரிசி. தமிழ்நாட்டில் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சாட்சி இல்லை, வக்கீலும் இல்லை. அவர் சொல்லாததை நான் சொன்னால் அந்த விசாரணையே செல்லாது. ஒரு மனுஷன் கொலைக் கேஸில் போகிறான், பக்கத்தில் நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

உஸ்தாத் என் கையைப் பார்த்தார் போலிருக்கிறது. "என்ன?" என்றார்.

"நான் மொழிபெயர்ப்பாளன் உஸ்தாத்."

"அது எனக்குத் தெரியும். நீ பதில் சொல்லக் கூடாது. நான் கேட்க மறந்த கேள்வி ஏதாவது இருக்கிறதா?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. "இருக்கிறது. உங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் அரிசியை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்" என்றேன். உஸ்தாத் அந்தக் கேள்வியைத் தன் கையால் எழுதிக்கொண்டு, செல்வத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டு முடிப்பதற்குள் அவர் உடைந்துவிட்டார்.

"வாய்க்கரிசி போட்டன் சார். நான்தான் போட்டன். அண்ணன் போயிட்டாருன்னு தெரிஞ்சிபோச்சி. கண்ணு சொருவிடிச்சி, மூச்சு இல்ல, கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தன். தலையத் தூக்கி என் மடியில வெச்சிக்கிட்டன். அரிசி மூட்டை கட்டிலுக்குக் கீழதான் இருந்துச்சி. மூணு தடவ போட்டன்."

"ஏன் அவ்வளவு அவசரம்? ஊரில் போட்டுக்கொள்ளலாமே" என்று உஸ்தாத் கேட்டார்.

"ஊர்ல எப்பிடி சார் போடுறது? போன வருசம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சவுதிலேருந்து பொட்டியில வந்தான். ஆணியடிச்ச பொட்டி. தொறக்கக் கூடாது, நாள் ஆயிடிச்சி, மருந்து போட்டிருக்குன்னுட்டாங்க. அவங்கம்மா பொட்டி மேல அரிசியப் போட்டு அழுதுச்சி. அரிசியெல்லாம் உருண்டு தரையில ஓடுது. எங்கண்ணனுக்கும் அப்பிடி ஆயிடக் கூடாதுன்னு... ஆம்புலன்ஸ் வந்துட்டா அப்புறம் கிட்ட வுட மாட்டாங்கல்ல?"

"இதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை?"

கேம்ப் பாஸ்தான் பயமுறுத்தியிருக்கிறார். இங்கே செய்வினை, சூனியம் எல்லாம் பெரிய குற்றம், பிணத்தின் வாயில் எதையோ போட்டேன் என்று சொன்னால் மந்திரவாதி என்று உள்ளே போட்டுவிடுவார்கள், சாப்பிட்டான் என்று சொல்லிவிடு என்றிருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்துச் சொன்ன யோசனைதான் இவரை மாட்டிவைத்தது.

நான் எல்லாவற்றையும் 'நான்' என்றே அரபியில் சொன்னேன். நான் அவர் தலையை என் மடியில் வைத்தேன். நான் மூன்று முறை அரிசி போட்டேன். உஸ்தாத் எழுதி முடித்துப் பேனாவை மூடியவர், "நாங்கள் கடைசி நேரத்தில் வாயில் தண்ணீர் விடுவோம்" என்று மட்டும் சொன்னார். நான் அதையும் தமிழில் சொன்னேன். செல்வம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அறைத்தோழரை விசாரித்தார்கள். உடற்கூறு மருத்துவரின் அறிக்கை பத்து நாளில் வந்தது. இயற்கை மரணம், இதயம். நெற்றிக் காயத்துக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. கோப்பை மூடுமுன், இறந்தவரின் நெருங்கிய உறவு என்ற முறையில் அறிக்கையைச் செல்வத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அன்று உஸ்தாத் அடுத்த கோப்பை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டே, "முழுவதும் வாசி" என்று அறிக்கையை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் பக்கம் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது: 'மூச்சுக்குழாயின் உட்கிளைகளில் அரிசி மணிகள் காணப்பட்டன. அரிசி வாயில் இடப்பட்ட வேளையில் மூச்சு முற்றிலும் நின்றிருக்கவில்லை என்பது சாத்தியம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காற்றை அழுத்திச் செலுத்தியபோது உள்ளே சென்றிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று கூற இயலாது. இதயத்தின் முக்கியத் தமனி முழுவதும் அடைபட்டிருந்ததால், எந்நிலையிலும் மரணத்துக்கு அரிசி காரணம் அல்ல.'

மூச்சு முற்றிலும் நின்றிருக்கவில்லை. என் கண் அதிலேயே நின்றுவிட்டது. எதிரே இருப்பவர் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் பெட்டியோடு விமானம் ஏறப் போகிறார். இவரிடம் போய், நீ அரிசி போட்டபோது உன் அண்ணனுக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் இந்த ஆள் பிழைப்பாரா? எந்த மருத்துவர் எவ்வளவு 'அல்ல' போட்டாலும் இவர் காதில் விழப்போவது அந்த ஒன்றுதானே? அந்தப் பத்தியைத் தாண்டினேன். "மாரடைப்புதான் காரணம், வேற யாரும் காரணம் இல்ல" என்று முடிவுக்குப் போய்விட்டேன்.

உஸ்தாத் தலையைத் தூக்கினார். "எல்லாம் வாசித்தாயா?"

"எல்லாம்" என்றேன். கீழே, உண்மையாக மொழிபெயர்த்தேன் என்ற வரிக்கு அடியில் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்ததும் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதிதான் இருந்தது. வீட்டில் ஹபீபாவிடம் சொன்னேன். "நல்லதுதான் செஞ்சீக" என்றாள். அவளும் நானும் அப்படியே நம்பினோம். என்னவோ அவர் பாரத்தை நாம் சுமந்துகொண்டோம் என்று பெருமை வேறு. எவன் கேட்டான் சுமக்கச் சொல்லி?

இரண்டு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குக் கீழே உள்ள கஃப்டீரியா வாசலில் செல்வம் நின்றுகொண்டிருந்தார். ஊருக்குப் போய்த் திரும்பி மறுபடி இங்கே வேலைக்கு வந்தவர், என்னைத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரரிடம் விசாரித்து வந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்த அறிக்கை. முகம் கருத்து, பாதி ஆளாகியிருந்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். டீ சொன்னேன், தொடவில்லை.

ஊரில் வாரிசு சான்றிதழுக்கு இந்த அறிக்கையின் மொழிபெயர்ப்பு கேட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்திருக்கிறார். அங்கிருந்த மலையாளி படித்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி, "ஐயோ, அரிசி போட்டப்போ ஆளுக்கு மூச்சு உண்டாயிருந்துன்னு எழுதியிருக்கே" என்றிருக்கிறார். செல்வம் மேற்கொண்டு எதையும் கேட்காமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது நடந்து மூன்று வாரம். மூன்று வாரமாக மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறதாம்.

"பாய், இது இதுல இருக்கா?"

"இருக்கு."

"அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீங்க படிக்கல."

உங்கள் நன்மைக்குத்தான் என்று வாய் வரை வந்தது. வெட்கமாக இருந்தது. "படிக்கலை தம்பி. தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"எங்கண்ணன நான் கொன்னுட்டனா பாய்?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் உறையிலிருந்து தாளை எடுத்தேன். அந்தப் பத்தியை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், தமிழில் வாசித்தேன். 'எது என்று கூற இயலாது' என்பதையும் வாசித்தேன். 'எந்நிலையிலும் மரணத்துக்கு அரிசி காரணம் அல்ல' என்பதையும் வாசித்தேன். முடித்ததும் "இன்னொரு தடவ" என்றார். மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறையும் கேட்டார். அந்த நாலு வரியில் அவரைக் கொல்வதும் இருந்தது, காப்பாற்றுவதும் இருந்தது. நான் அன்று இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். முழுதாகக் கேட்டிருந்தால், உஸ்தாத் எதிரே இருந்திருப்பார், வேண்டுமானால் அந்த மருத்துவரையே போனில் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். இந்த மனுஷன் பாதியை மட்டும் கேட்டு மூன்று வாரம் செத்துப் பிழைத்தது என்னால்தான்.

இதுதான் நடந்தது. கேமரா நல்லது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். அன்று கேமரா இருந்திருந்தால் நான் தாண்டியிருக்க மாட்டேன்.

செல்வம் கோபப்படுவார் என்று நான் காத்திருந்தபோது, வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணி ரெண்டு வருசமா ஒண்ணே ஒண்ணுதான் பாய் கேக்குது. போறப்ப பக்கத்துல யாரு இருந்தான்னு. யாரும் இல்ல அண்ணி, நான் கிட்ட போறதுக்குள்ள உசுரு போயிடிச்சின்னு சொல்லிட்டன். அப்பிடித்தான நெனச்சிக்கிட்டிருந்தன். அது ஒவ்வொரு அமாவாசைக்கும் அழுவுது. சீமையில அனாதையா செத்துட்டாரேன்னு அழுவுது." தாளில் விரலை வைத்தார், அவருக்குப் படிக்கத் தெரியாத வரியின் மேல். "மூச்சு இருந்திருக்கலாம்னு போட்டிருக்குல்ல?"

"இருந்திருக்கலாம்னுதான் போட்டிருக்கு. நிச்சயமாச் சொல்லலை."

"'இருந்திருக்கலாம்'னாலும் போதும்" என்றார். போனை எடுத்து ஊருக்குப் போட்டார். மணி அடித்து, எடுத்தார்கள். "அண்ணி" என்றார். டாக்டர் எழுதியிருக்கிறார் என்று ஆரம்பித்து, அரிசி உட்பட, இருந்திருக்கலாம் என்பது உட்பட, நான் வாசித்தது போலவே ஒன்று விடாமல் சொன்னார். சண்டை போட்டதையும் சொன்னார். அந்த அம்மா இவரைச் சபித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

கடைசியில் அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. சின்னக் குரல்.

"தல எங்க இருந்துச்சி செல்வம்?"

"என் மடியில அண்ணி."